மூக்கு வழி மருந்தும் நம் மண்டிச் சரக்கும்

நம் கடையில் விற்கும் ஜாம் பாட்டில்களின் சீட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். பலவற்றில் ‘பெக்டின்’ என்றோ 440 என்ற எண்ணோ இருக்கும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுக்கும் இப்பொருள்தான் ஜாமைக் கெட்டிப்படுத்துகிறது. இதே பெக்டின் மூக்கு வழியாக மருந்து செலுத்தவும் உதவுகிறது என்பது நம்மில் பலருக்குப் புதுச் செய்தி.

விழுங்கும் மாத்திரை குடலில் கரைந்து, கல்லீரலைக் கடந்த பிறகே உடலெங்கும் பரவுகிறது. வழியிலேயே சில மருந்துகள் வீரியம் இழந்துவிடுகின்றன. மூக்கின் உட்தோலிலோ நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. அங்கே படும் மருந்து நேராக ரத்தத்தில் சேரும். ஆனால் ஒரு சங்கடம். மூக்குச் சளி ஓயாமல் தொண்டைப் பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பதால், தண்ணீர் போன்ற மருந்தில் பெரும்பகுதி 15, 20 நிமிடங்களில் வழிந்து போய்விடும். இங்கேதான் தாவரக் கூழ் கைகொடுக்கிறது. ஈரத்தோலில் ஒட்டிக்கொண்டு, மருந்தைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

புற்றுநோயாளிகளுக்குத் திடீரென எழும் கடும் வலிக்கான ஃபென்டனில் மருந்து, பெக்டின் சேர்த்த மூக்குத் தெளிப்பானாக 2010இல் ஐரோப்பாவிலும் 2011இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. தெளிக்கும்போது அது நீராக இருக்கும். மூக்கிலுள்ள கால்சியம் பட்டதும் கூழாகிவிடும்.

நமக்கு இன்னும் நெருங்கிய சரக்கு புளியங்கொட்டை. அதன் பருப்பு மாவு, பாவு நூலுக்குக் கஞ்சி போட நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அதிலிருந்து பிரித்த பசையை ஜப்பானில் உணவைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கிறார்கள். ஐரோப்பாவில் அதே பசை ‘சைலோகுளுக்கன்’ என்ற பெயரில், ஒவ்வாமையால் வரும் தும்மலுக்கான மூக்குத் தெளிப்பானிலும் இடம்பெற்றிருக்கிறது. வெந்தயப் பசையையும் மூக்கு மருந்துக்காக ஆய்வுக்கூடங்களில் சோதித்திருக்கிறார்கள்.

அப்படியானால் புளியங்கொட்டையை வாங்கிக் கிடங்கில் அடுக்கலாமா? வேண்டாம் என்பதே நம் கருத்து. ஒரு தெளிப்பில் மூக்கில் சேர்வது ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதிலும் பசை மிகச் சொற்பம். மருந்துக்காக மட்டும் டன் கணக்கில் தேவை ஏறிவிடாது. கொத்தவரை விதைப் பிசினை மறக்கலாமா? அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளின் தேவையால் 2012இல் அதன் விலை விண்ணைத் தொட்டது; முன்பேர வர்த்தகமே நிறுத்தப்பட்டது. பின்னர் விலை சரிந்தபோது, உச்சத்தில் வாங்கி வைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

இதில் ஆதாயம் எடையில் இல்லை, தரத்தில் இருக்கிறது. மருந்துக்குப் பசை எடுப்பவர் கேட்பது கல், மண், வண்டு, பூஞ்சணம் இல்லாத, நன்கு காய்ந்த, புதுச் சரக்கு. கொட்டையைக் கழிவாக மூலையில் குவிக்காமல், சலித்து, உலர்த்தி, பழையதோடு கலக்காமல் தனிச் சாக்கில் வைத்தால் மாதிரி காட்டி விலை பேசலாம்.

இன்னொரு எச்சரிக்கை. இச்செய்தியைக் கேட்டு யாராவது மூக்கில் விட வெந்தயத் தூளோ பிசின் தூளோ கேட்டால், கொடுக்காதீர்கள். மருந்துக்கான பசை கிருமி நீக்கி, அளவு பார்த்துத் தயாரிக்கப்படுவது. நம் தூள் சமையலுக்கானது. மூக்கில் போனால் தூசியும் கிருமியும் சேர்ந்தே போகும். மருந்து விற்பனைக்கு 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமும் வேண்டும். “மருத்துவரைப் பாருங்கள்” என்று சொல்லி அனுப்புவோம். நாலு ரூபாய் வியாபாரத்தை விட, நம்பி வரும் வாடிக்கையாளரின் நலனே கடைக்கு முதல்.