கைக்கணினியா, மடிக்கணினியா?

2011ஆம் ஆண்டில், மூன்று வார இடைவெளிக்குள் இரண்டு அரசுகள் மாணவர் கைகளில் கணினியைத் தர முன்வந்தன. செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டு அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அக்டோபர் 5 அன்று புது தில்லியில் நடுவண் அரசு 'ஆகாஷ்' என்னும் கைக்கணினியை வெளியிட்டது. அதன் திரை ஏழு அங்குலம். அரசு கொடுத்த விலை 2,276 ரூபாய். இரண்டு திட்டங்களின் நோக்கமும் ஒன்றே. தேர்ந்தெடுத்த கருவிதான் வேறு.

ஆகாஷ் எளிதில் தூக்கிச் செல்லத்தக்கது. ஆயினும் அதன் திரையை விரலால் அழுத்தினால்தான் அது செயற்பட்டது; செயலியும் வேகம் குறைந்தது. 2012 நவம்பரில் வெளிவந்த ஆகாஷ் 2 இக்குறைகளைப் பெரிதும் போக்கியது. போகாத குறை ஒன்று இருந்தது. கைப்பேசிகளில் உள்ள ஆண்ட்ராய்டு இயங்குதளமே அதிலும் இருந்தமையால், கல்லூரி ஆய்வகங்களில் பயன்படும் மென்பொருள்கள் பலவற்றை அதில் நிறுவ இயலவில்லை. நூலைப் படிக்கவும் காணொளியைப் பார்க்கவும் உதவிய கருவி, ஒன்றைச் செய்து முடிக்க அந்த அளவுக்கு உதவவில்லை.

அன்று எழுந்த கேள்வி இன்றும் தீரவில்லை. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு தனது வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. தில்லி, மும்பை, புணே, பெங்களூரு போன்ற நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இக்கேள்வி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளோடு சேர்ந்தே வருகிறது. அங்கே கருவியை அரசு தருவதில்லை. பெற்றோரின் சேமிப்பிலிருந்துதான் அது வர வேண்டும். பொருந்தாத ஒன்றை வாங்கிவிட்டால் மூன்று நான்கு ஆண்டுகள் அதனோடு போராட வேண்டும். இல்லையேல் விடுதித் தோழரின் கணினி ஓய்வாக இருக்கும் நேரத்திற்காகக் காத்திருக்க வேண்டும்.

கடைக்குச் செல்பவர் இன்று இரண்டு வகைகளை மட்டும் காண்பதில்லை. வழக்கமான மடிக்கணினிக்கும் தனிக் கைக்கணினிக்கும் இடையே, விற்பனையாளர்கள் 'டூ இன் ஒன்' என்று அழைக்கும் கருவிகள் உள்ளன. அவற்றுள் ஒருவகையில் திரை முழுவதும் பின்னால் மடங்கும். மற்றொரு வகையில் விசைப்பலகையைத் தனியே கழற்றிவிடலாம். பார்வைக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் அமைப்பில் பெரிதும் வேறுபட்டவை.

வழக்கமான மடிக்கணினியில் மின்கலமும் மின்சுற்றுப் பலகையும் விசைப்பலகைக்கு அடியில் உள்ளன. ஆகவே எடை கீழே தங்குகிறது, திரை இலேசானது. பின்னால் மடங்கும் வகையும் இத்தகையதே. விசைப்பலகை கழலும் வகையிலோ எல்லாம் திரைக்குப் பின்னே அடைந்து கிடக்கின்றன. விசைப்பலகை ஒரு மெல்லிய மூடி மட்டுமே. எடை மேலே இருப்பதால் அது தானாக நில்லாது. பின்புறம் ஒரு தாங்கி வேண்டும். அகன்ற மேசையில் இதனால் தொல்லை ஒன்றும் இல்லை. ஆனால் மாணவர் எழுதுமிடம் எப்போதும் மேசையாக இருப்பதில்லை. வகுப்பறை நாற்காலியின் கைப்பிடியில் பொருத்திய சிறு பலகை, விடுதிக் கட்டில், ஊருக்குச் செல்லும் இரயிலின் மேற்படுக்கை ஆகிய இடங்களில் தாங்கி சறுக்கும், கருவி கவிழும். 'மடிக்கணினி' என்னும் பெயரில் உள்ள 'மடி' என்பதற்கு மடக்குதல் என்றும், அமர்ந்திருப்பவரின் தொடைமேல் அமையும் இடம் என்றும் இரு பொருள் கொள்ளலாம். இத்தகைய கருவி முதற்பொருளுக்குப் பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது.

இனிக் கைக்கணினியின் பெருஞ்சிறப்பைக் காண்போம். அது எழுதுகோல். தொகையீட்டுக் கணக்கையோ, கரிமச் சேர்மத்தின் கட்டமைப்பையோ, இதயத்தின் அறைகளையோ விசைப்பலகையால் விரைந்து குறிப்பெடுக்க இயலாது. கையால் எழுதினால் ஆசிரியரின் வேகத்தோடு செல்லலாம். பாடநூல் பக்கத்தின் ஓரத்திலேயே குறிப்பு வரையலாம். சிலவகை எழுதுகோல்களில் மின்கலமே கிடையாது. திரைக்குப் பின்னுள்ள மெல்லிய கம்பிவலை மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. எழுதுகோலினுள் உள்ள சிறு கம்பிச்சுருள் அப்புலத்திலிருந்தே ஆற்றலைப் பெற்று, தான் இருக்கும் இடத்தையும் எழுதுபவர் தரும் அழுத்தத்தையும் தெரிவிக்கிறது. எழுதும்போது உள்ளங்கை திரையில் பட்டாலும் கருவி அதனை ஒதுக்கிவிடும். நுனியில் இரப்பர் உள்ள மலிவான குச்சிகளுக்கு இத்திறன்கள் இல்லை. அவை விரலுக்கு மாற்று, அவ்வளவே. எனவே எழுதுகோலுக்காகக் கைக்கணினி வாங்குவோர், அத்திரை எவ்வகை எழுதுகோலை ஏற்கும் என்பதை முதலில் அறிய வேண்டும்.

எனினும் தேர்வை முடிவு செய்வது பெரும்பாலும் மென்பொருளே. இயந்திரப் பொறியியல் மாணவர் பயன்படுத்தும் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸ் இயங்குதளத்தில் நிறுவப்படுவது. வணிகவியல் மாணவர் பழகும் டேலி கணக்கியல் மென்பொருளும் அவ்வாறே. ஆட்டோகேடு கைக்கணினிக்கும் கிடைக்கிறது. ஆனால் அது வரைபடத்தைத் திறந்து பார்க்கவும் சிறு திருத்தங்கள் செய்யவும் ஏற்ற சுருங்கிய வடிவம். பெயர் ஒன்றாயிருப்பதால் வேலையும் ஒன்றாயிருக்கும் என்று கருதுவது பலர் ஏமாறும் இடமாகும். கணினி அறிவியல் பயில்வோர் பல மென்பொருள்களை ஒரே நேரத்தில் இயக்கவும், அவற்றின் கோப்புகளைத் தாமே கையாளவும் வேண்டும். அவர்களுக்கு மடிக்கணினியே ஏற்றது. வரலாறு, இலக்கியம், சட்டம் பயில்வோர்க்கு நிலைமை வேறு. அவர்கள் மிகுதியாகப் படிக்கின்றனர், கட்டுரை எழுதுகின்றனர். நல்ல விசைப்பலகையை இணைத்த கைக்கணினி அவர்களுக்குப் போதும். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். விரிவுரைகளைக் காண்பதற்கு எக்கருவியும் உதவும்.

விண்டோஸ் என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. மெல்லிய கருவிகள் சிலவற்றில், கைப்பேசிகளில் உள்ளதைப் போன்ற ஆர்ம் வகைச் செயலி இருக்கும். மின்கலம் நெடுநேரம் நீடிக்கும். ஆனால் பழைய பொறியியல் மென்பொருள்கள் சில அதில் இயங்க மறுக்கும். விசிறி இல்லாத கருவிகளின் தன்மையும் அறியத்தக்கது. செயலி உழைக்கும்போது வெப்பம் உண்டாகிறது. அதனை வெளியேற்ற விசிறி இல்லையெனில், செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கடையில் ஐந்து நிமிடம் பார்ப்பவருக்கு இது தெரியாது. முப்பரிமாண வரைபடம் ஒன்றை அரைமணி நேரம் திருத்துபவருக்குத் தெரியும்.

விலையைப் பொறுத்தவரை, கைக்கணினியின் விலைச்சீட்டில் உள்ள தொகை முழுத்தொகையன்று. விசைப்பலகையும் எழுதுகோலும் பெரும்பாலும் தனியே வாங்க வேண்டியவை. மூன்றையும் கூட்டிய பிறகே மடிக்கணினியின் விலையோடு ஒப்பிட வேண்டும். பழுது பார்ப்பதிலும் வேறுபாடு உண்டு. மடிக்கணினிகள் பலவற்றில் சேமிப்பகத்தைப் பின்னாளில் மாற்றலாம். சிலவற்றில் நினைவகத்தையும் கூட்டலாம். கைக்கணினியின் பாகங்கள் பசையால் ஒட்டப்பட்டவை. கண்ணாடி விரிசல் கண்டால் பெரும்பாலும் திரை முழுவதையுமே மாற்ற நேரிடும். எனவே நினைவகம் எவ்வளவு வேண்டும் என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

தமிழில் எழுத எது ஏற்றது என்று சிலர் வினவுவதுண்டு. தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகை முறையை இரண்டு கருவிகளிலும் அமைத்துக்கொள்ளலாம். அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் பெரிதும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. விசைகளின்மேல் தமிழ் எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்க வேண்டியதில்லை. சில வாரப் பயிற்சியில் விரல்களே இடத்தை அறிந்துகொள்ளும். ஆனால் கண்ணாடித் திரையைத் தட்டித் தட்டிப் பத்துப் பக்கக் கட்டுரை எழுதுவது விரல்களுக்குத் துன்பமே.

கல்லூரியில் சேர்ந்த மறுநாளே கணினி வாங்கியாக வேண்டும் என்பதில்லை. தமக்கு வேண்டிய மென்பொருள்கள் எவை என்பதை அதே துறையின் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் விற்பனையாளரைவிடத் தெளிவாகக் கூறுவர். வீட்டில் ஓரளவு நன்றாக இயங்கும் பழைய மடிக்கணினி இருந்தால், அதனோடு எளிய கைக்கணினி ஒன்றைச் சேர்த்துக்கொள்வது புதிய 'டூ இன் ஒன்' வாங்குவதைவிடச் சிக்கனமாக அமையக்கூடும். கடையில் கருவியை நின்றுகொண்டே பார்ப்பது வழக்கம். மாணவர் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி அமர்ந்து, கருவியை மடியில் வைத்து, ஒரு முழுப் பக்கத்தைத் தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். எழுதுகோல் இருந்தால், ஒரு கணக்கையும் எழுதிப் பார்க்க வேண்டும்.