பழைய லொறிக்கு வீட்டு வைத்தியம்

2006 ஏப்ரலில் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் காலத்தைக் கழித்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே சொந்த மண்ணை மிதிக்க முடிந்தது. வீடு, வேலி, கிணறு என எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியவர்கள் புது லொறிக்கு எங்கே போவது? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கியபோதும், வரியோடு சேர்ந்த விலை ஏழை விவசாயிக்கு எட்டாதது. பழைய லொறியே எமக்குக் கைகொடுக்க வேண்டும். அறுவடை நாளில் அது படுத்துவிட்டால், களத்துக்கு வரும் வியாபாரி சொல்வதே நெல்லின் விலை.

கொட்டியாரக்குடாவை அண்டிய ஊர்களில் லொறியின் முதல் எதிரிகள் உப்பும் நீரும். இவற்றை விலக்க வீட்டிலேயே செய்யக்கூடியவை சில:

1. கடற்கரைக்குப் போய்வந்த அன்றே அடிப்பாகத்தையும் வில்தகடுகளையும் நன்னீரால் கழுவுங்கள். காய்ந்தபின் துருப்பிடித்த இடத்தைச் சுரண்டி மை பூசுங்கள்.

2. இரவில் டீசலிலுள்ள நீர் அடியில் தங்கும். காலையில் எஞ்சினை இயக்குமுன் பில்ற்றரின் அடித்திருகைத் தளர்த்தி, நீர் போய்த் தனி டீசல் வரும்வரை ஒரு போத்தலில் வடியுங்கள். பின் மேல்திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடித்து இறுக்குங்கள். மாலையிலேயே தாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படிவது குறையும்.

3. சமதரையில் நிறுத்தி, நாளும் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். ஒயில் பால்போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. எஞ்சினை இயக்க வேண்டாம்.

4. றேடியேற்றருக்கு உவர்க்கிணற்று நீர் ஆகாது. சேமித்த மழைநீர் நல்லது. சூடாக இருக்கையில் மூடியைத் திறக்காதீர்கள்.

5. பற்றரி முனைகளில் பூத்த வெள்ளையை, வயர்களைக் கழற்றியபின் வெந்நீரால் கழுவித் துடைத்து, மீளப் பூட்டிக் கிறீஸ் பூசுங்கள்.

கழிவு ஒயிலைக் கிணற்றடியிலோ வயலிலோ ஊற்ற வேண்டாம். ஜாக்கை மட்டும் நம்பி லொறியின் கீழ் நுழைய வேண்டாம். சில்லுகளுக்கு அடைகொடுத்து, உறுதியான மரக்குற்றிகளில் தாங்கவையுங்கள். பிறேக் மிதி ஆழ இறங்கினாலோ, வண்டி ஒருபக்கம் இழுத்தாலோ அது கராச் வேலை. சுமையும் பிள்ளைகளும் ஏறும் வண்டியில் பரீட்சை செய்யலாகாது.

பல கைகள் ஓட்டும் லொறியென்றால் உள்ளே ஒரு கொப்பியை வையுங்கள். ஒயில் மாற்றிய திகதியையும் கேட்ட புதுச் சத்தத்தையும் ஓட்டியவர் எழுதிவைக்கட்டும். அடுத்தவருக்கு அதுவே எச்சரிக்கை.