ஸ்டாரை இறக்கும் முன் ஒரு போட்டோ

புதுக்கோட்டை மாவட்டத்தில், வீரமாமுனிவர் பணியாற்றிய ஆவூர் போன்ற ஊர்களில், மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை வாசலில் ஸ்டார் தொங்கும். அடுத்த சில நாட்களிலேயே பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. அந்த அவசரத்தில் சீரியல் செட்டைச் சுருட்டிப் பரணில் எறிந்தால், டிசம்பரில் சிக்கெடுக்கவே ஒரு நாள் போய்விடும்.

நான் கழற்றும் முன் மொபைலில் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் 'கிறிஸ்துமஸ்' என்ற போல்டரில் சேமித்திடுவேன். எந்த பிளக் எங்கே என்பது அதில் தெரியும். பிறகு ஒயரைப் பழைய அட்டையில் சுற்றிடுவேன். பேட்டரி மெழுகுவர்த்தியில் உள்ள செல்களைக் கழற்றிவிட வேண்டும். கசிந்தால் ஸ்பிரிங்கை அரித்துவிடும். வெள்ளையடிக்கும் அறையில் கம்ப்யூட்டர் இருந்தால், ஷட் டவுன் செய்து மூடிடுங்கள். சுண்ணாம்புத் தூள் பேனுக்கு ஆகாது.

செட்டில் ஒரு பகுதி மட்டும் எரியவில்லையா? சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 2 வோல்ட், வெள்ளைக்கும் நீலத்திற்கும் 3 வோல்ட் போதும். எனவே 230 வோல்ட்டுக்குப் பல பல்புகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒன்று போனால் அந்த வரிசையே அணையும். பிளக்கை உருவிவிட்டு, அதே நிற பல்பை மாற்றிடலாம். எலி கடித்த ஒயரா? இரக்கமே வேண்டாம், கழித்துவிடுங்கள்.

ஆனால் போகியில் போட்டுவிடாதீர்கள். செம்புக் கம்பிக்காகவே எரிப்பவர்களும் உண்டு. ஒயரின் மேலுறை பி.வி.சி.; எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டையாக்சினும் உருவாகும். தீயைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள்தான் முதலில் அதைச் சுவாசிப்பார்கள். பழைய மவுஸ், சார்ஜரோடு ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். திருச்சி போகும்போது மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்திடலாம்.