எண்ணிக்கை சரி, ஆள் சரியா?



காப்பீட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியல் ஒன்று நம் குழுவில் இருக்கும். வங்கியில் பணம் பிடிக்கப்பட்டவர்கள் பட்டியல் இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான்னு நினைத்துக்கொண்டு இருந்துவிடுகிறோம்.

பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டம் 2015 மே மாதம் தொடங்கியது. வருடத்துக்கு 330 ரூபாயாக இருந்தது, 2022 ஜூன் முதல் 436 ரூபாய் ஆனது. 18 வயது முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும், 55 வரை தொடரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் வாரிசுதாரருக்கு 2 லட்சம் ரூபாய். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 30 நாள் விபத்து மரணத்துக்கு மட்டும்தான். காப்பீடு ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை. பணம் பிடிப்பது குழுக் கணக்கில் இல்லை, நம் சொந்த சேமிப்புக் கணக்கில். அந்த நேரம் கணக்கில் காசு இல்லையென்றால் பிடிக்க முடியாது, காப்பீடும் நின்றுபோகும். மூணு வருஷத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டேனேன்னு அப்புறம் சொல்லிப் பயன் இல்லை.

சரி, விடுபட்டவர் யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பது? பல குழுக்களில் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். கையெழுத்துப் போட்டது 15 பேர், பணம் பிடித்தது 15 பேர், சரியாப் போச்சுன்னு நோட்டை மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்த 15-இல் ஒருத்தி குழுவை விட்டுப் போனவளாக இருக்கலாம். அவளுக்குப் பணம் பிடித்திருக்கும், நம்மில் ஒருத்திக்குப் பிடித்திருக்காது. எண்ணிக்கை சரி, ஆள் சரியில்லை.

அதனால் ஒவ்வொருவராகப் பார்க்கணும். பெயரை வைத்துப் பார்க்காதீங்க. குழுவில் 'எல். லட்சுமி', பாஸ்புக்கில் 'லக்ஷ்மி லோகநாதன்' என்று இருக்கும், ஒரே குழுவில் இரண்டு லட்சுமியும் இருப்பார்கள். கணக்கு எண்ணைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பட்டியலையும் எண் வரிசையில் எழுதி, முதல் பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணும் இரண்டாவதில் இருக்கிறதா என்று பென்சிலால் டிக் போடுங்கள். டிக் விழாமல் நிற்கிற பெயர்தான் நமக்கு வேண்டியது. பிறகு திருப்பி, இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கும் பாருங்கள். இதை விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

கூட்டமைப்பு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் பிள்ளைகளுக்கு: ஆக்சஸில் இதற்கென்றே தயார் வசதி இருக்கிறது, ஒரு பட்டியலில் இருந்து இன்னொன்றில் இல்லாததை எடுத்துக் கொடுக்கும். எஸ்கியூஎல்லில் 'நாட் இன்' போட்டுத் தேடுகிறவர்கள் மட்டும் கவனம். இரண்டாவது பட்டியலில் ஒரே ஒரு எண் காலியாக இருந்தாலும் யாருமே விடுபடாத மாதிரி வெறும் திரை வரும். அதைப் பார்த்து சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கு வந்த 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்களையும் அரசு இப்படித்தான் பல துறைப் பட்டியல்களோடு ஒப்பிட்டது. அங்கே கார், நிலம், மின்சாரம் என்று அடுத்த பட்டியலில் பெயர் இருந்தால் சிக்கல். இங்கே பெயர் இல்லாவிட்டால்தான் சிக்கல்.

காக்களூர் பக்கம் இன்னொரு விஷயம் உண்டு. தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குப் போகிற நம்ம பெண்களில் பலருக்குச் சம்பளக் கணக்கு ஒரு வங்கி, ஊர்க் கணக்கு வேறு வங்கி. இரண்டிலும் 436 பிடித்தாலும் கிடைப்பது 2 லட்சம்தான், ஒரு பிரீமியம் வீண். ஆகவே டிக் போடும்போது அந்தச் சகோதரியிடம் இரண்டு பாஸ்புக்கையும் கேட்டு வாங்குங்கள். ஊர்க் கணக்கில் பிடிக்காதது சம்பளக் கணக்கில் பிடித்திருக்கலாம்.

விடுபட்டவர் அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். நடு வருடத்தில் புதிதாகச் சேருகிறவருக்குத் தொகை குறைவு: செப்டம்பர் முதல் நவம்பர் வரை 342 ரூபாய், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 228, மார்ச் முதல் மே வரை 114. பழைய காப்பீடு நின்றுபோனவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்று வங்கியிலேயே கேட்டுக்கொள்ளட்டும். போகும்போது ஆதார் அட்டையும் நாமினி விவரமும் கையில் இருக்கட்டும்.