ஓட்டுநர் இல்லாக் காவல் ஊர்தி

நெடுஞ்சாலையில் வெண்கோடு தீட்டும் ஊர்தி மணிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும். அதன் பின்னால் வரும் மகிழுந்துகளோ நூறு கிலோமீட்டர் வேகத்தில் விரைபவை. இவ்வேக வேறுபாடே சாலைப் பணியாளரின் உயிருக்கு எமனாகிறது. ஆகவே, பணி ஊர்திக்குச் சற்றுப் பின்னால் ஒரு காவல் சரக்குந்து தொடர்ந்து வரும். அதன் பின்புறத்தில், தான் நசுங்கி மோதலின் ஆற்றலை உள்வாங்கும் அமைப்பு பொருத்தப்பட்டிருக்கும். கவனம் பிசகிய ஓட்டுநர் எவரேனும் வந்து மோதினால் அடியை அது ஏற்கும். முன்னால் பணியாற்றுவோர் பிழைப்பர். ஆனால், அச்சரக்குந்தையும் ஒருவர் ஓட்டியாக வேண்டுமே! அடி வாங்குவதற்கென்றே அமைந்த ஊர்தியில் மனிதரை அமர்த்துவது முறையன்று.

இதற்குத் தீர்வாக, அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் போக்குவரத்துத் துறை 2017ஆம் ஆண்டில் ஓட்டுநரின்றி இயங்கும் காவல் ஊர்தியை அறிமுகப்படுத்தியது. முன்செல்லும் பணி ஊர்தியை மனிதரே ஓட்டுவார். அது செயற்கைக்கோள் வழியாகத் தன் இருப்பிடத்தை அறிந்து, வேகத்தோடும் திசையோடும் சேர்த்து இடைவிடாமல் பின்னூர்திக்கு அனுப்பும். முன்னேர் சென்ற வழியே பின்னேர் செல்வதைப் போலக் காவல் ஊர்தி அத்தடத்தையே பற்றிச் செல்லும். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு மிகக் குறைந்தால், மோதுண்ட காவல் ஊர்தி முன்னூர்தியையே இடித்துவிடும். மிகுந்தாலோ பிற வாகனங்கள் இடையில் நுழைந்துவிடும்.

எனினும், மனிதர் ஓட்டினாலும் கருவி ஓட்டினாலும் அடைபடும் தடம் ஒன்றே. போக்குவரத்துப் பொறியியலில் இது நகரும் இடுக்கு எனக் கருதப்படும். விரைவுச்சாலையின் ஒரு தடத்தில், எல்லாம் சீராக இருக்கும்போது, மணிக்கு ஏறத்தாழ 2,400 மகிழுந்துகள் செல்லலாம். ஒரு திசைக்கு இரு தடங்கள் உள்ள சாலையில் மணிக்கு 1,500 மகிழுந்துகள் வருவதாகக் கொள்வோம். ஒரு தடம் அடைபட்டாலும் அவை மற்றொரு தடத்தில் கடந்துவிடும். அதே சாலையில் 3,000 வந்தால் எஞ்சியவை பின்னால் தேங்கும். தேங்கிய வரிசையிலிருந்து ஒருவர் தடம் மாற முயல, அடுத்த தடத்தில் வருபவர் வேகத்தைக் குறைக்க, அக்குறைவு அலைபோலப் பின்னோக்கிப் பரவும். பணி ஊர்தி விலகிச் சென்ற பின்னரும் வரிசை உடனே கரைவதில்லை. வரிசையின் கடைசியில் திடீரென நிற்கும் வாகனத்தின்மீது மற்றொன்று மோதும் இடரும் உண்டு. அவ்விடத்தில் காவல் ஊர்தியால் பயனில்லை.

ஆதலால், பணிக்குரிய வேளையைத் தேர்வதே பெரிதும் கருதத்தக்கது. காலை, மாலை நெரிசலைத் தவிர்க்க இரவில் பணி செய்தால் ஒரு தடமே போதுமானதாகிறது. ஆனால், உறக்கக் கலக்கத்திலும் மதுமயக்கத்திலும் வாகனம் ஓட்டுவோர் மிகுதியாக வருவதும் இரவில்தான். காவல் ஊர்தியின் இருக்கை ஆளின்றி இருக்க வேண்டிய வேளையும் அதுவே.