சினமும் செந்துருத்தியும்



சினத்தை அடக்குக என்று அறநூல்கள் யாவும் கூறுகின்றன. எங்ஙனம் அடக்குவது என்று வினவினால் விடை எளிதாய்க் கிடைப்பதில்லை. கொதிக்கும் உலையை மூடி அழுத்தினால் ஆவி மூடியையே தள்ளிக்கொண்டு வரும். நம் அருளாளர்கள் உலையை மூடச் சொல்லவில்லை. கொதிப்பு வெளிப்பட ஒரு வழி திறந்து வைத்தார்கள். அவ்வழியே பண்.

நம் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. கொடிமாடச் செங்குன்றூர் என்று பாடல்பெற்ற அத்தலத்தில் ஞானசம்பந்தப் பெருமான் தங்கியிருந்த பனிக்காலத்தில், உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. பெருமான் வியாழக்குறிஞ்சிப் பண்ணில் திருநீலகண்டப் பதிகம் அருளிச்செய்ய, நோய் நீங்கிற்று என்கிறது பெரியபுராணம். அது உடலைப் பற்றிய சுரம். உள்ளத்தைப் பற்றும் சுரத்துக்கு நம்பியாரூரரிடம் செல்ல வேண்டும்.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, ‘பிரியேன்’ என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்தார் சுந்தரர். திருவாரூர் நினைவு ஈர்க்க, அச்சூளைக் கடந்து ஊரெல்லையைத் தாண்டினார். கண்ணொளி இரண்டும் போயிற்று. தடுமாறி வழிநடந்தவருக்குக் காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. ஒரு கண்ணோடு ஆரூர் சேர்ந்து, திருமூலட்டானத்து இறைவன்முன் அவர் பாடிய பதிகத்தை ஊன்றிப் படியுங்கள். பணிவான விண்ணப்பமாக அது தொடங்கவில்லை. ‘நான் உமக்கு அடகு வைக்கப்பட்டவன் அல்லேன், விரும்பி ஆளானவன். குற்றமொன்றும் செய்திலேன். என் கண்ணைப் பறித்த பழி உம்முடையதே’ என்னும் பொருள்பட வாதாடுகிறார். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் வாழ்த்துப்போல் ஓர் ஏச்சு!

குற்றம் செய்திலேன் என்றது மெய்யா? சூள் கடந்தவர் அவரேயன்றோ? நியாயம் பார்த்தால் வழக்கு நிற்காது. சினத்துக்கு நியாயம் பார்க்கத் தெரியாது என்பதைத்தான் இங்கே காண்கிறோம். தோழரின் நியாயமற்ற சினத்தையும் முழுதாகக் கேட்டுக்கொண்டான் தியாகேசன், வலக்கண்ணையும் தந்தான். மற்றொன்றும் கருதத்தக்கது. பதிகத்தின் இறுதிப் பாட்டில், ஓதுவார் பெறும் பயனைக் கூறுவது பெரும்பான்மை வழக்கு. இப்பதிகத்தில் அது இல்லை. கடைசி அடிவரை ஊடல் தீரவேயில்லை.

முட்ட முட்டத்தான் பசு கன்றுக்குப் பால் சுரக்கும் என்னும் உவமை இப்பதிகத்திலேயே வருகிறது. முட்டும் கன்று தாயைப் பகைத்தா முட்டுகிறது?

இத்தனை கடுஞ்சொல்லும் ஏச்சாகி நின்றுவிடாமல் திருமுறை ஆனது எவ்வாறு? இசையால். இதன் பண் செந்துருத்தி. தேவாரம் முழுவதிலும் இப்பண்ணில் அமைந்த பதிகம் இஃதொன்றே. இன்று ஓதுவார்கள் இதனை மத்தியமாவதி இராகத்தில் பாடுவர். கச்சேரியில் நேர்ந்த குறைகளெல்லாம் தீர மங்கலமாக இறுதியில் பாடும் இராகமும் அதுவே. வசைக்கும் மங்கலத்துக்கும் ஒரே இராகம் வாய்த்ததை எண்ண எண்ண வியப்பாக இருக்கிறது.

சினங்கொண்டவனுக்கு மூச்சு குறுகும், விரையும். பண்ணோடு பாட நெடுமூச்சு வேண்டும். வெடுக்கென்று வீசத் துடிக்கும் சொல்லைத் தாளம் ஓர் அடிக்குள் நிறுத்துகிறது. பண் அதனை நீட்டுகிறது. ஒரு பாட்டு முடிவதற்குள் பாடுவோனின் மூச்சு அவன் வசப்படுகிறது. பதிகமோ பத்துப் பதினொரு பாட்டு!

துயரத்துக்கும் இதுவே மருந்து. திருவதிகையில் சூலைநோயால் துடித்த மருணீக்கியார், தமக்கையார் திலகவதியார் அளித்த திருநீற்றை அணிந்து பாடிய முதற்பதிகம் கொல்லிப் பண். நம் கொல்லிமலையின் பெயரைத் தாங்கிய பண் அது. குடல் முறுக்கும் வலியைக் கூசாமல் அப்படியே எடுத்துரைக்கிறார். வலியை மறைத்துப் பாடியிருந்தால் நாவுக்கரசர் நமக்குக் கிடைத்திருப்பாரா?

இறைவனும் இசைகேட்டுச் சினம் தணிந்தவனே. கயிலையைப் பெயர்த்த இராவணனை விரலூன்றி நெரித்தவன், அவன் பாடிய கீதம் கேட்டு வாளும் நாளும் ஈந்தான். சம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இதனை வைத்துப் பாடுகிறார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். திருவிழாவில் ஒலிபெருக்கியைச் செவி கிழியும்படி முழக்குவது இசையாகாது. இல்லாத சினத்தையும் அது வருவிக்கும். லாரிப் பட்டறையில் நாள் முழுதும் இரும்போசை கேட்டு வருபவருக்கு ஓர் ஓதுவாரின் குரலும் ஒரு சுருதிப்பெட்டியும் போதும்.

எனக்குக் குரல் இல்லையே என்று அஞ்ச வேண்டுவதில்லை. வீட்டில் மனம் கொதிக்கும் வேளையில் மனையாளிடமோ மக்களிடமோ வாய் திறக்குமுன், அந்தி வழிபாட்டுக்குக் கோயில் சென்று ஓதுவார் அருகே அமருங்கள். முதலில் கேளுங்கள், பின்னர்த் தொடையில் தாளம் இடுங்கள், மூன்றாம் பாட்டில் உதடு தானே அசையும். உரத்துப் பாட வேண்டுமென்று தோன்றினால், சந்நிதியில் அதற்குத் தடையில்லை. ஆரூரில் ஒருவர் அங்ஙனம் பாடித்தான் வலக்கண் பெற்றார்.