கருவியின் மொழி

நுழையும்முன்

கருவியை விலைகொடுத்து வாங்கிவிடலாம். அதனை இயக்கும் அறிவு எப்போதும் அதனுடன் சேர்ந்து வருவதில்லை. கணினியின் வரைகலை அட்டை, லினக்ஸ் போன்ற திறந்த மூல இயக்க அமைப்பில் செயல்பட ‘இயக்கி’ என்னும் மென்பொருள் தேவை. அதனை எழுதுவதற்குரிய குறிப்புகள் மறைக்கப்பட்டிருந்த நிலையில், பல நாட்டு ஆர்வலர்கள் அவற்றைத் தம் உழைப்பால் கண்டறிந்தனர். அம்முயற்சியின் வழிமுறையையும் பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

திரையும் கணக்கும்

கணினித் திரையில் தோன்றும் எழுத்து, படம், அசைவு ஆகிய அனைத்தும் புள்ளிகளின் தொகுப்பே ஆகும். அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்ட ஒரு திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. அத்திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுமாயின், ஒவ்வொரு வினாடியிலும் 12,44,16,000 புள்ளிகளின் நிறத்தை முடிவு செய்தாக வேண்டும்.

இப்பெரும்பணியைக் கணினியின் மையச் செயலகம் மட்டுமே செய்ய முற்பட்டால் பிற பணிகள் தடைப்படும். ஆகவே, இதற்கெனத் தனியே ஒரு செயலி அமைக்கப்படுகிறது. அதுவே வரைகலைச் செயலி. அதனையும் அதற்குரிய நினைவகத்தையும் தாங்கிய பலகையே வரைகலை அட்டை எனப்படும். மையச் செயலகம் பலவகைப் பணிகளை மாறி மாறிச் செய்யவல்லது. வரைகலைச் செயலியோ ஒரே வகையான எளிய கணக்கைப் பல்லாயிரம் புள்ளிகளுக்கு ஒரே வேளையில் செய்யவல்லது. ஒருவரே வயல் முழுவதும் நாற்று நடுவதற்கும், பலர் வரிசையாக நின்று ஒருங்கே நடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இதனோடு ஒப்பிடலாம். விளையாட்டுகளுக்காக வளர்ந்த இச்செயலிகள், இன்று மருத்துவப் படங்களை ஆராய்வதற்கும் வானிலையைக் கணிப்பதற்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் பயன்படுகின்றன.

இயக்கி என்பது யாது?

வரைகலைச் செயலி தனக்கேயுரிய ஆணைகளை மட்டுமே அறியும். அவ்வாணைகள் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த தலைமுறை அட்டைகளிலும் வேறுபடும். “இவ்விடத்தில் ஒரு முக்கோணம் வரைக, அதற்கு இந்த நிறம் தருக” எனப் பயன்பாட்டு மென்பொருள் பொதுமொழியில் கேட்கிறது. அதனை அட்டை புரிந்துகொள்ளும் ஆணைகளாக மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளராக விளங்குவதே இயக்கி.

லினக்ஸில் வரைகலை இயக்கி இரு பகுதிகளாக இயங்குகிறது. முதற்பகுதி, இயக்க அமைப்பின் உயிர்நாடியான கெர்னலுக்குள் இருக்கும். அட்டையின் நினைவகத்தைப் பங்கிடுதல், ஆணைகளை வரிசைப்படுத்தி அனுப்புதல், திரையின் அளவை அமைத்தல், மின்பயன்பாட்டைக் கட்டுப்படுத்துதல் ஆகியன இதன் பணிகள். இரண்டாம் பகுதி கெர்னலுக்கு வெளியே இருந்து, ஓபன்ஜிஎல், வல்கன் ஆகிய பொது வரைகலை மொழிகளில் அமைந்த ஆணைகளை அட்டையின் ஆணைகளாக மாற்றித் தரும். திறந்த மூல உலகில் இரண்டாம் பகுதியைப் பெரும்பாலும் மெசா என்னும் மென்பொருள் தொகுப்பே வழங்குகிறது. பிரையன் பால் என்பார் 1993-இல் இதனை எழுதத் தொடங்கினார். 1995-இல் இது வெளியிடப்பட்டது.

மறைக்கப்பட்ட குறிப்பேடு

ஓர் அட்டைக்கு இயக்கி எழுத வேண்டுமெனில், அதன் உள்ளமைப்பை விளக்கும் குறிப்பேடு தேவை. எந்தப் பதிவேட்டில் எந்த எண்ணை எழுதினால் என்ன நிகழும் என்பதை அக்குறிப்பேடே சொல்லும். ஆனால், பல நிறுவனங்கள் அதனை வெளியிடவில்லை. போட்டி நிறுவனங்கள் தம் நுட்பத்தை அறிந்துகொள்ளும், காப்புரிமை வழக்குகள் எழும், பிறரிடம் உரிமம் பெற்ற பகுதிகளை வெளியிட இயலாது என்பன அந்நிறுவனங்கள் கூறும் காரணங்கள். நிறுவனமே எழுதிய இயக்கி கிடைக்கும். அதன் மூலநிரலோ கிடைக்காது.

இச்சிக்கல் வரைகலை அட்டையோடு தோன்றியதன்று. 1980-ஐ ஒட்டிய காலத்தில், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், தம் ஆய்வகத்தின் அச்சுப்பொறியில் தாள் சிக்கும்போது பயனர்களுக்கு அறிவிக்கும் வசதியைச் சேர்க்க விரும்பினார். அதற்கு அப்பொறியை இயக்கும் மென்பொருளின் மூலநிரல் தேவைப்பட்டது. அதனை வைத்திருந்தவர் தர மறுத்துவிட்டார். பயன்படுத்துவோர் தம் கருவியைத் திருத்திக்கொள்ளவும் உரிமையற்று நிற்கும் நிலையை அந்நிகழ்வு அவருக்கு உணர்த்தியது. 1983-இல் அவர் அறிவித்த குனு திட்டத்திற்குத் தூண்டுதலாக அமைந்தவற்றுள் இதுவும் ஒன்று. 1991-இல், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். குனு மென்பொருள்களும் அக்கெர்னலும் இணைந்து, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய முழுமையான இயக்க அமைப்பு உருவானது. இயக்க அமைப்பு திறந்திருந்தும், அதனுள் பொருந்த வேண்டிய வரைகலை இயக்கி மூடியே கிடந்தது.

கேட்டுக் கற்ற மொழி

என்விடியா நிறுவனத்தின் அட்டைகளுக்கு அந்நாளில் ‘என்வி’ என்னும் திறந்த இயக்கி ஒன்று இருந்தது. அது தட்டையான படங்களை மட்டுமே காட்டியது. முப்பரிமாண வரைகலைக்கு உதவவில்லை. அதன் நிரலோ படித்துப் புரிந்துகொள்ள முடியாதவாறு அமைந்திருந்தது. இக்குறையைப் போக்க ஸ்டெஃபான் மார்ஷெசன் என்னும் நிரலாளர் தொடங்கிய முயற்சியே நூவோ திட்டம்.

குறிப்பேடு இல்லாத நிலையில் அட்டையின் மொழியை எவ்வாறு அறிவது? இதற்கு ஆர்வலர்கள் கையாண்ட முறை ‘மறுதலைப் பொறியியல்’ எனப்படும். முடிந்த பொருளின் செயலை உற்றுநோக்கி, அதன் அமைப்பைப் பின்னோக்கி உய்த்துணர்வதே அம்முறை. அட்டையின் பதிவேடுகளில் உள்ள எண்களை முதலில் படியெடுத்துக்கொண்டனர். நிறுவனத்தின் மூடிய இயக்கியைக் கொண்டு ஒரு முக்கோணத்தை மட்டும் வரையச் செய்தனர். பின்னர் மீண்டும் எண்களைப் படியெடுத்து, மாறியவை எவை எனக் கண்டனர். அடுத்த முறை முக்கோணத்தின் நிறத்தை மட்டும் மாற்றினர். அப்போது மாறிய எண்ணே நிறத்தைக் குறிப்பது எனத் தெளிந்தனர். இவ்வாறு ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் விளைவைப் பதிவு செய்தனர். வெவ்வேறு வகை அட்டைகளை வைத்திருந்த பலர், தம் கணினிகளில் இச்சோதனைகளை இயக்கி முடிவுகளை அனுப்பி உதவினர். மூடிய இயக்கிக்கும் அட்டைக்கும் இடையே நடக்கும் உரையாடல் முழுவதையும் பதிவு செய்யும் கருவி ஒன்று 2008-இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது.

பழங்கல்வெட்டுகளைப் படித்தறிந்த முறையும் இதனையொத்ததே. சாஞ்சித் தூபியில் உள்ள குறுங்கல்வெட்டுகள் பல ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்ட ஜேம்ஸ் பிரின்செப், அது கொடையைக் குறிக்கும் ‘தானம்’ என்னும் சொல்லாகலாம் எனக் கருதினார். அவ்வுய்த்துணர்வு 1837-இல் பிராமி எழுத்துகளைப் படிக்க வழிவகுத்தது. மீண்டும் மீண்டும் வருவது எது, இடத்திற்கேற்ப மாறுவது எது எனக் காணும் கூரிய நோக்கே இரண்டிடத்தும் திறவுகோலாயிற்று.

நூவோ இயக்கி, 2010 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.33 கெர்னலில் இடம்பெற்றது. என்விடியா அட்டை பொருத்திய கணினியில் லினக்ஸை நிறுவியவர், வேறெதனையும் தேடாமலே தெளிவான திரையைக் காணும் நிலை உருவானது.

தெரியுமா?

‘நூவோ’ என்பது ‘புதிய’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். இத்திட்டத்தைத் தொடங்கியவர் உரையாடல் மென்பொருளில் ‘என்வி’ என்பதன் இரண்டெழுத்துகளைத் தட்டியபோதெல்லாம், அம்மென்பொருள் தானாகவே ‘நூவோ’ எனப் பரிந்துரைத்தது. அதுவே இயக்கியின் பெயராக நிலைத்தது.

திறந்த கதவும் பூட்டிய கதவும்

எல்லா நிறுவனங்களும் ஒரே வழியில் செல்லவில்லை. இன்டெல் நிறுவனம் தன் வரைகலைச் செயலிகளுக்குத் திறந்த இயக்கிகளைத் தானே எழுதி வழங்கியது. 2006-இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கிய ஏஎம்டி, 2007-இல் தன் அட்டைகளின் குறிப்பேடுகளை வெளியிடப்போவதாக அறிவித்துச் செயற்படுத்தியது. இதன் பயனாக, ஏஎம்டி அட்டைகளின் திறந்த இயக்கிகள் காலப்போக்கில் வலுப்பெற்று, லினக்ஸ் பயனர்களின் முதன்மைத் தேர்வாயின.

என்விடியா அட்டைகளின் நிலை வேறாக இருந்தது. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடையே பேசிய டோர்வால்ட்ஸ், அந்நிறுவனத்தின் ஒத்துழையாமையைக் கடுஞ்சொற்களால் கண்டித்தார். 2014-இல் வெளிவந்த தலைமுறை முதற்கொண்டு புதியதொரு தடையும் எழுந்தது. அட்டையின் உள்ளே இயங்கும் நிலைபொருள், நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் பெற்றிருந்தால் மட்டுமே ஏற்கப்பட்டது. வேகத்தைக் கூட்டும் பகுதிக்குரிய, கையொப்பமிட்ட நிலைபொருள் ஆர்வலர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் நூவோவின்கீழ் அவ்வட்டைகள், கணினி தொடங்கும்போதுள்ள குறைந்த வேகத்திலேயே ஓடின. மொழியைக் கற்றறிவது ஒன்று. உள்ளே செல்ல இசைவு பெறுவது மற்றொன்று. உற்றுநோக்கலால் முதலாவதைப் பெறலாம். இரண்டாவது, கதவுக்கு உரியவர் திறந்தாலன்றிக் கிட்டாது.

2022 மே மாதத்தில், என்விடியா தன் கெர்னல் இயக்கியின் மூலநிரலைத் திறந்த உரிமத்தின்கீழ் வெளியிட்டது. 2018-இல் வெளிவந்த தலைமுறை முதற்கொண்டு அது பொருந்தும். கெர்னலுக்கு வெளியே இயங்கும் அந்நிறுவனத்தின் பகுதி அப்போதும் மூடியே இருந்தது. எனினும் நூவோவிற்குப் புதுவழி பிறந்தது. மெசாவில் என்விகே என்னும் புதிய திறந்த இயக்கியும் உருவானது.

பயன்படுத்துவோர் அறியவேண்டியவை

லினக்ஸை நிறுவியபின் திரை கறுத்து நிற்றலும், படம் விட்டுவிட்டு ஓடுதலும் புதியவர்களை அச்சுறுத்தும் நிகழ்வுகள். அவற்றுக்குப் பெரும்பாலும் அட்டை பழுதாயிருத்தல் காரணமன்று. இயக்கி பொருந்தாமையே காரணம். முதலில் கணினியில் உள்ள அட்டை எது, அதனை இப்போது இயக்கும் இயக்கி எது என்பனவற்றை அறிதல் வேண்டும். இவற்றைக் காட்டும் கட்டளைகள் லினக்ஸில் உள்ளன. உரிய இயக்கி இல்லாதபோது, மையச் செயலகமே படங்களை வரையும் நிலை ஏற்படும். திரையின் மந்தநிலைக்கு அது காரணமாகலாம்.

திறந்த இயக்கிகள் கெர்னலுடனும் மெசாவுடனும் சேர்ந்தே வருவதால், அவை புதுப்பிக்கப்படும்போது இயக்கியும் உடன் புதுப்பிக்கப்படுகிறது. நிறுவனத்தின் தனி இயக்கி அவ்வாறன்று. கெர்னல் மாறும்தோறும் அதன் கெர்னல் பகுதியையும் புதிய கெர்னலுக்கேற்ப அமைத்தாக வேண்டும்; தவறினால் அடுத்த தொடக்கத்தில் திரை வராது போகலாம். ஓர் அட்டையை ஒரே வேளையில் இரண்டு கெர்னல் இயக்கிகள் ஆள இயலாது என்பதால், ஒன்றை நிறுவும்போது மற்றொன்றை விலக்கி வைத்தல் வேண்டும். கணினியின் ‘பாதுகாப்பான தொடக்கம்’ என்னும் ஏற்பாடு செயலில் இருந்தால், கையொப்பமற்ற இயக்கியைக் கெர்னல் மறுக்கக்கூடும். இக்காரணங்களால், இணையத்தில் கண்ட இடத்திலிருந்து இயக்கியைத் தரவிறக்காமல், தம் லினக்ஸ் பதிப்பின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து பெறுவதே பாதுகாப்பானது.

அறிவு பொதுவாகும்போது

ஒரு நிறுவனம் தன் பழைய அட்டைகளுக்கு ஆதரவை நிறுத்திவிட்டால், மூடிய இயக்கி புதிய கெர்னல்களோடு பொருந்தாமல் போகிறது. நல்ல நிலையிலுள்ள கருவியும் குப்பையாகிறது. மூலநிரல் திறந்திருந்தால், வேண்டுவோர் அதனைத் தொடர்ந்து பேணலாம். 2002-இல் வெளிவந்த ரேடியான் 9700 அட்டைக்கான திறந்த இயக்கி, இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் மெசாவில் பேணப்பட்டமை இதற்குச் சான்றாகும்.

ஓரிடத்தில் கண்டறியப்பட்ட அறிவு அவ்விடத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதும் திறந்த மூலத்தின் சிறப்பு. சென்னையிலுள்ள சி-டாக் மையம் இந்திய மொழிகளுக்கான வசதிகளுடன் உருவாக்கிய ‘பாஸ்’ இயக்க அமைப்பும் லினக்ஸ் கெர்னலையே அடிப்படையாகக் கொண்டது. பிற நாட்டு ஆர்வலர் ஒருவர் முக்கோணம் வரைந்து கண்டறிந்த ஓர் எண், இங்குள்ள மாணவர் ஒருவரின் திரையில் தமிழ் எழுத்து தெளிவாகத் தோன்ற உதவுகிறது. அவ்வாறே, இங்குள்ள மாணவர் ஒருவர் திருத்தும் ஒரு வரி நிரலும் உலகெங்கும் சென்று பயன்தரும்.

மறைக்கப்பட்ட அறிவை உழைப்பால் மீட்டோர், அதனை மீண்டும் மறைத்துவைக்காமல் பொதுவில் வைத்தனர். ஒருவர் பெயரும் அறியாத பலர், ஒரே இயக்கியின் வெவ்வேறு வரிகளை எழுதினர். கருவியின் மொழியைக் கற்றவர்களே அக்கருவியை முழுமையாக உடையவர்கள் என்பதை அவர்தம் பணி காட்டுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள கணினிகளின் வரைகலை அட்டை, அதன் இயக்கி ஆகியவற்றின் பெயர்களைக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. ‘ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றுதல்’ என்னும் முறை பயன்படும் வேறு இரண்டு துறைகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

3. ‘வாங்கிய கருவியின் உள்ளமைப்பை அறியும் உரிமை வாங்கியவருக்கு உண்டு’ – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.